எந்த மதர்போட் வாங்குவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. அதன் பிறகு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில், கணினியின் பாகங்கள் எல்லாம் பொருந்தும் பலகையான மதர்போட்தான் (சுருக்கமாகப் போட்) பெரிய விஷயமாக இருக்கிறது. திருகோணமலை அனுராதபுரச் சந்திப் பக்கம் இருக்கும் என் பட்டறைக்கு வருகிறவர்களும் இதையே கேட்கிறார்கள். அதனால் இம்முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். முதல் பதில் நீளமானது. அதிலுள்ளவை பலருக்கும் உதவும் என்பதால் சுருக்கவில்லை.

கேள்வி: சாம்பல்தீவில் சிறிய கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ஃபோட்டோகொப்பி, ஒன்லைன் விண்ணப்பம், ரியூஷன் வகுப்புகளின் வினாத்தாள், பக்கத்து ஹாட்வெயார் கடைக்கு பில் அடித்துக் கொடுப்பது, இவைதான் வேலை. 2016இல் வாங்கிய கணினி. ஐ3-6100, எச்110 போட், 8 ஜி.பி. ராம், ஹாட் டிஸ்க், பழைய வி.ஜி.ஏ. மொனிட்டர். விண்டோஸ் 11 போட முடியாது என்கிறார்கள். ஒரு கடையில் முழுவதையும் மாற்றச் சொன்னார்கள். இன்னொருவர் போட்டையும் புரொசஸரையும் மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். கையில் 75,000 ரூபாய் இருக்கிறது. எந்தப் போட் வாங்கலாம்?
– கடைக்காரர், சாம்பல்தீவு

பதில்: இரண்டாவது ஆள் சொன்னதுதான் சரி ஐயா. ஆனால் எந்தப் போட் என்பதைக் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால் உங்கள் கேசிங்கிடம் கேளுங்கள். பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடவேண்டும் என்று தெரியும். போட்டின் விலை மட்டும் உங்கள் செலவு இல்லை. அந்தப் போட்டுக்காகக் கூடவே வாங்கவேண்டி வரும் சாமான்கள்தான் கையைக் கடிக்கும்.

முதலில், ஏன் மாற்றவேண்டும் என்பது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் ஏற்கும் இன்டெல் வரிசை எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். உங்களுடையது ஆறாம் தலைமுறை. சரி, இருக்கிற போட்டிலேயே எட்டாம் தலைமுறை புரொசஸர் ஒன்றைப் போட்டால் என்ன என்று யாராவது சொல்லலாம். இரண்டுக்கும் சொக்கெட், அதாவது புரொசஸர் உட்காரும் இடம், பெயரில் ஒன்றுதான், எல்.ஜி.ஏ.1151. உள்ளே வைத்தால் உட்காரவும் செய்யும், ஆனால் ஓடாது. 2017இல் வந்த எட்டாம் தலைமுறைக்காக இன்டெல் சில பின்களின் வேலையை மாற்றிவிட்டது, போட்டின் வேலைகளை ஒருங்கிணைக்கும் சிப்பான சிப்செட் 300 வரிசையில் உள்ள போட் அதற்கு வேண்டும். பெயர் பொருந்துகிறது என்று பழைய புரொசஸர் வாங்கிக் காசைத் தொலைக்காதீர்கள்.

அடுத்து ராம். இதுதான் உங்கள் தேர்வை முடிவு செய்யும். ராம் குச்சியைக் கழற்றி அதில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். பி.சி.4 என்று தொடங்கினால் டி.டி.ஆர்.4 என்ற வகை, பி.சி.3 என்றால் அதற்கு முந்திய டி.டி.ஆர்.3. எச்110 போட்களில் பெரும்பாலும் டி.டி.ஆர்.4 இருக்கும், சிலவற்றில் பழைய டி.டி.ஆர்.3ஐயும் வைத்தார்கள். அதனால்தான் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன். பி.சி.4 என்று இருந்தால் அந்தக் குச்சியைக் கைவிடாதீர்கள். 2025இன் கடைசிப் பகுதியிலிருந்து உலகம் முழுக்க ராம் விலை ஏறிப்போயிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய சேவர்களுக்கு ராம் செய்வதில் உற்பத்தியாளர்கள் இறங்கிவிட்டதால் சாதாரணக் கணினிக்கான ராமுக்குத் தட்டுப்பாடு. கையில் உள்ள 8 ஜி.பி. இப்போது நல்ல காசு.

ஆகவே குச்சி பி.சி.4 என்றால் உங்களுக்கு டி.டி.ஆர்.4 ராம் ஏற்கும் போட்தான் வேண்டும். நான் சொல்வது எச்610 சிப்செட் போட்டும் ஐ3-12100 புரொசஸரும். 12100இல் 4 கோர் (வேலை செய்யும் மையங்கள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). உங்கள் 6100இல் 2 கோர், 4 த்ரெட்தான். கடை வேலைக்கு இது தாராளம். இந்தப் போட்டின் சொக்கெட் எல்.ஜி.ஏ.1700. 12, 13, 14ஆம் தலைமுறை மூன்றும் அதில் உட்காரும் என்பதால், நாளைக்குக் கடை பெருகினால் பழைய சாமான் விலைக்கு ஓர் ஐ5-12400 தேடிப் போட்டுக்கொள்ளலாம். ஏ.எம்.டி. பக்கம் போனால் ஏ520 போட்டும் ரைசன் 5 5600ஜியும் இதே டி.டி.ஆர்.4 ராமில் ஓடும். 6 கோர், திரைக்குப் படம் அனுப்ப உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸும் இன்டெலைவிட நல்லது. கல்யாண வீடியோ எடிட் செய்வதாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். விண்ணப்பமும் வினாத்தாளும் என்றால் ஐ3 போதும்.

எச்610இல் ஒரு பொறி இருக்கிறது. ஒரே கம்பனி ஏறத்தாழ ஒரே பெயரில் டி.டி.ஆர்.4 போட்டும் விற்கிறது, டி.டி.ஆர்.5 போட்டும் விற்கிறது. அசுஸ் போட் பெயரின் கடைசியில் டி4 என்று இருக்கும். கிகாபைட், எம்.எஸ்.ஐ. போட்களில் டி.டி.ஆர்.4 என்று முழுதாகவே போட்டிருப்பார்கள். பெட்டியில் அதை வாசித்த பிறகு காசு கொடுங்கள். மாறி வாங்கிவிட்டால் ராமின் பள்ளம் வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினாலும் போகாது. அழுத்தவும் கூடாது.

புரொசஸர் பெயருக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். 12100எஃப் சற்று மலிவாகக் கிடைக்கும், ஆனால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல் மொனிட்டர் கறுப்பாகவே இருக்கும். உங்கள் மொனிட்டர் வி.ஜி.ஏ. என்கிறீர்கள். எச்610 போட்களில் பலவற்றின் பின்பக்கம் எச்.டி.எம்.ஐ.யோடு நீல நிற வி.ஜி.ஏ. துளையும் இருக்கிறது. உங்களுக்கு அது உள்ள போட்டே வேண்டும். ஒரு துளை இல்லாததற்காக மொனிட்டர் மாற்றுவது வீண்.

பழைய விசிறி இதில் பொருந்தாது. உங்கள் போட்டில் கூலர் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீற்றர், புதியதில் 78. அதனால் பெட்டியோடு வரும் புரொசஸரை வாங்குங்கள், உள்ளே விசிறி இருக்கும். ட்ரே என்று சொல்லி வெறும் புரொசஸர் தருவார்கள், அதை வாங்கினால் கூலருக்கு வேறு செலவு.

பவர் சப்ளையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே எழுத வேண்டும். ஏனென்றால் புதுப் போட்டை ஆறே மாதத்தில் சாகடிப்பது பெரும்பாலும் இதுதான். பக்கத்தில் 450 வாட் என்று பெரிய எழுத்தில் இருப்பதை நம்பாதீர்கள். அதே தாளில் 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 18 அம்பியர் என்றால் 12ஆல் பெருக்க 216 வாட், அதுதான் புரொசஸருக்கும் போட்டுக்கும் உண்மையில் கிடைக்கக்கூடியது. 12100 உச்சத்தில் 89 வாட் எடுக்கும், அதாவது ஏழரை அம்பியர் அளவில். ஆக உங்கள் பவர் சப்ளை நல்ல நிலையில் இருந்தால் தாங்கும். போட்டில் புரொசஸருக்கான மின் இணைப்பு 8 முள்ளாக இருந்து உங்கள் வயர் 4 முள்ளாக இருந்தாலும் சரியான பாதியில் செருகினால் இந்த ஐ3 ஓடும். ஆனால் உங்களுடையது 2016ஆம் ஆண்டுச் சாமான். காற்றோட்டத் துளை வழியாக டோர்ச் அடித்துப் பாருங்கள். கெப்பாசிற்றர்களின் தலை உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ, யோசிக்காமல் மாற்றுங்கள். புதிதாக வாங்கினால் 8 முள் வயர் உள்ளதையே வாங்குங்கள்.

பில் அடிக்கும் பிரின்டர் பழைய டொட் மெட்ரிக்ஸாக, பரலல் வயரில் ஓடுவதாக இருந்தால் இன்னொரு விஷயம். புதுப் போட்களின் பின்பக்கத்தில் அந்த அகலத் துளை இல்லை. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லொட்டில் செருகும் பரலல் கார்ட் கிடைக்கிறது, போட்டில் சிறிய ஸ்லொட் ஒன்று மிச்சம் இருந்தால் போதும். யூ.எஸ்.பி. வயரை நான் இந்த வேலைக்குச் சொல்வதில்லை. பழைய பில் மென்பொருள்கள் பல நேரடியாகப் பரலல் துளைக்கே எழுதும், யூ.எஸ்.பி. வயரில் அது போய்ச் சேராது. உங்கள் பில் மென்பொருள் டொஸ் காலத்து 16 பிற் மென்பொருள் என்றால் இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. விண்டோஸ் 11 64 பிற்றில் மட்டும்தான் வருகிறது, அதில் அது நேரடியாக ஓடாது. ஹாட்வெயார் கடைக்காரரிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள். போட் மாற்றிய மறுநாள் காலையில் பில் அடிக்க முடியாமல் நிற்பது உங்கள் இருவருக்கும் சங்கடம்.

ஹாட் டிஸ்க்கைக் கழற்றி அப்படியே புதுப் போட்டில் மாட்டினால் விண்டோஸ் எழும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பழைய டிஸ்க்குகளில் பல எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டவை, கணினி எழும்பும்போது போட்டில் முதலில் ஓடும் மென்பொருளான பயோஸின் பழைய முறையில் பூட் ஆகுபவை. 11ஆம் தலைமுறையிலிருந்து புரொசஸருக்குள் உள்ள கிராஃபிக்ஸை வைத்து அந்தப் பழைய பயோஸ் முறையில் பூட் செய்ய முடியாது. புதிதாக விண்டோஸ் போடுவதே சுத்தம். எச்610 போட்டில், எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகத்தைச் செருகும் எம்.2 ஸ்லொட் இருக்கிறது. அதில் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு விண்டோஸை அதில் ஏற்றுங்கள். பழைய ஹாட் டிஸ்க்கை வாடிக்கையாளர்களின் கோப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வரிசை நிற்கும்போது உங்களுக்குத் தெரியப்போகும் வேகம் புரொசஸரைவிட இந்த எஸ்.எஸ்.டி.யால்தான் வரும். விண்டோஸ் உரிமம் கணினியோடு வந்ததாக இருந்தால் அது பழைய போட்டோடு கட்டப்பட்டது, புதுப் போட்டுக்கு வராது. அதையும் கணக்கில் சேருங்கள்.

75,000இல் அடங்குமா என்றால், இங்கே விலை எழுதுவதைத் தவிர்க்கிறேன். 2022இல் ரூபாய் விழுந்ததிலிருந்து விலைப்பட்டியல் ஓரிடத்தில் நிற்பதில்லை. விலை கேட்கும்போது 18 வீத வற் வரி சேர்த்ததா என்று மட்டும் தவறாமல் கேளுங்கள். தொகை இடிக்கிறது என்றால் குறைக்கவேண்டியது புரொசஸரை. பென்டியம் ஜி7400 இதே சொக்கெட்டில் உட்காரும், விண்டோஸ் 11 அதை ஏற்கும். இரண்டு கோர்தான், ஆனாலும் எஸ்.எஸ்.டி.யோடு உங்கள் வேலைக்கு ஓடும். ஒரு வருடம் கழித்து ஐ3 வாங்கி மாற்ற அரை மணித்தியாலம் போதும். போட்டை மாற்றுவது அப்படி இல்லை, கணினியையே மறுபடி கட்டுகிற வேலை. அதனால் போட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: மகன் உயர்தரத்தில் ஐ.சி.ரீ. எடுத்திருக்கிறான். பி760 போட், வைஃபை உள்ளது, லைட் எரிவதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். எச்610 வாங்கினால் பிறகு கிராஃபிக்ஸ் கார்ட் போட முடியாது என்கிறான். உண்மையா?
– ஒரு தாய், லிங்கநகர்

பதில்: இல்லை அக்கா. எச்610இலும் கிராஃபிக்ஸ் கார்டுக்கான பெரிய ஸ்லொட் நேராகப் புரொசஸரோடுதான் இணைகிறது. பின்னால் கார்ட் போட்டால் வேகத்தில் குறை வராது. பி760இல் கூடுதலாகக் கிடைப்பது வேகமான எம்.2 ஸ்லொட், அதிக யூ.எஸ்.பி. துளைகள், போட்டைப் பொறுத்து நான்கு ராம் ஸ்லொட், ராமை 3200க்கு மேல் ஓட்டும் வசதி. பாடத்தில் வரும் பைதன், எச்.டி.எம்.எல்., தரவுத்தளம் எதற்கும் இவை வேண்டியதில்லை.

ஆனால் மகன் சொல்வதில் ஒரு பக்கம் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். போட்டில் புரொசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் பகுதியை வி.ஆர்.எம். என்பார்கள். மலிவான போட்களில் அதன்மேல் வெப்பம் கடத்தும் உலோகக் கட்டி இருக்காது. ஐ3க்கு அது பரவாயில்லை, ஐ5-12400கூட ஓடும். ஐ7 போடும் எண்ணம் இருந்தால் கட்டி உள்ள பி660 அல்லது பி760 வாங்குவது சரி. நம் ஊரில் மே, ஜூனில் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் அறையே அடுப்பாக இருக்கிறது, அந்த வெப்பத்தில் இந்த வித்தியாசம் தெரியும்.

என் கருத்து, உலோகக் கட்டி உள்ள எச்610 ஒன்றும் ஐ5-12400உம் வாங்கிக் கொடுங்கள். வைஃபைக்கு யூ.எஸ்.பி. டொங்கிள் போதும். மிச்சப்படும் காசில் ராமை 16 ஜி.பி. ஆக்குங்கள், ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜி.பி. குச்சி இரண்டாக. உள்ளே உள்ள கிராஃபிக்ஸ் ராமைத்தான் பயன்படுத்துகிறது, இரண்டு குச்சி இருந்தால் அதற்கு இரட்டைப் பாதை கிடைக்கும். விளையாட்டிலும் அவன் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பான். தம்பியிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். கணினி படிக்கிற பிள்ளை, விளக்கிச் சொன்னால் ஏற்றுக்கொள்வான்.

கேள்வி: நிலாவெளியில் கடற்கரைக்குப் பக்கத்தில் விடுதி நடத்துகிறோம். வரவேற்பு மேசைக் கணினியில் இரண்டு மதர்போட் போய்விட்டது. திறந்து பார்த்தால் பச்சையாகப் பூத்திருக்கிறது. உப்புக்காற்றுக்குத் தாங்கும் போட் என்று ஏதாவது இருக்கிறதா?
– விடுதி முகாமையாளர், நிலாவெளி

பதில்: வீட்டுக் கணினிக்கான விலையில் அப்படி ஒன்று இல்லை. கப்பலுக்கும் தொழிற்சாலைக்கும் செய்யும் போட்களில் மேலே மெல்லிய பாதுகாப்புப் பூச்சு இருக்கும், அதன் விலைக்கு நீங்கள் சாதாரணப் போட்கள் பல வாங்கலாம். நெகப் பொலிஷ் பூசலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துளைகளுக்குள்ளும் சொக்கெட்டுக்குள்ளும் போய்ப் போட்டையே கெடுத்துவிடும்.

எப்படிக் கெடுகிறது என்று தெரிந்தால் தடுப்பது சுலபம். காற்றோடு வரும் உப்பு தூசியோடு சேர்ந்து போட்டில் படிகிறது. உலர்ந்து இருக்கும்வரை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்து மெல்லிய உப்புநீர்ப் படலமாகிவிடும். அந்தப் படலத்தில் மின்சாரமும் பாய்ந்தால் செம்பு அரிக்கத் தொடங்கும். நீங்கள் பார்த்த பச்சை அதுதான். ஒக்டோபர் முடிந்து வாடைக்காற்று கடலிலிருந்து வீசத் தொடங்கினால் நிலாவெளியில் இரவுகளில் ஈரப்பதன் அந்த அளவுக்கு மேலேதான் இருக்கும். உங்களுக்கு வருமானம் வருவது மே முதல் செப்டெம்பர் வரை. மாரியில் அறைகளைப் பூட்டிக் கணினியையும் நிறுத்திவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கெடுவது அப்போதுதான். ஓடுகிற கணினியின் உள்ளே வெளியைவிடச் சூடு அதிகம், அதனால் உள்ளே ஈரம் தங்காது. வாரக்கணக்கில் அணைந்து கிடப்பதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே மாரியிலும் தினமும் சில மணித்தியாலம் ஓட விடுங்கள். அல்லது சீசன் முடிந்ததும் கேசிங்கை ஊதித் துப்புரவு செய்து, காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் பையில் நிறையச் சிலிக்கா ஜெல் பைகளோடு கட்டி வையுங்கள். திறந்த கேசிங்கினுள் இரண்டு சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு வைப்பதால் பயன் இல்லை, ஓரிரு நாளில் அவை நிறைந்துவிடும். மேசையைக் கடல் பக்க ஜன்னலிலிருந்து உள்பக்கச் சுவருக்கு நகர்த்துங்கள். சீசன் தொடங்கும்போதும் முடியும்போதும் போட்டை ஐசோபுரொப்பைல் அற்ககோலும் மென்மையான பிரஷும் வைத்துத் துடைக்கச் சொல்லுங்கள்.

போட் வாங்கும்போது மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அளவில், தேவையான துளைகள் மட்டும் உள்ள எளிய ஒன்றாக எடுங்கள். பயன்படுத்தாத ராம் ஸ்லொட்டும் யூ.எஸ்.பி. துளைகளும் அரிப்புக்குத் திறந்த வாசல்கள். அவற்றுக்கு ரப்பர் மூடி கிடைக்கிறது, போட்டுவிடுங்கள். வாரண்டியைப் பெரிதாக நம்பாதீர்கள். துரு, எரிந்த தடம், சொக்கெட் பின் வளைவு இந்த மூன்றையும் பொதுவாக எந்த முகவரும் ஏற்பதில்லை. உண்மையைச் சொன்னால், உங்கள் இடத்துக்கு மேசைக் கணினியே வேண்டுமா என்று கேட்பேன். முன்பதிவும் பில்லும் மட்டும்தான் வேலை என்றால் விசிறி இல்லாத சிறிய கணினி ஒன்று நல்லது. உள்ளே காற்றை இழுக்காததால் உப்பும் குறைவாகவே போகும்.

கேள்வி: கொழும்பிலிருந்து பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் ஒன்று எடுத்தேன், நான்காம் தலைமுறை ஐ5. நல்ல உறுதியான கேசிங். அதற்குள் புதுப் போட் போட்டுத் தர முடியுமா?
– வாசகர், மூதூர்

பதில்: வேண்டாம் சகோதரரே. அந்தக் கேசிங் உறுதியானது என்பது உண்மைதான், ஆனால் அது அந்த ஒரு போட்டுக்காகவே செய்யப்பட்டது. அந்தக் காலத்து ஆப்டிபிளெக்ஸ்களில் பல பவர் சப்ளைகளுக்கு வழக்கமான 24 முள் இணைப்பு இல்லை, 8 முள் இணைப்புத்தான். முன்பக்க சுவிட்ச் வயரும் வேறு விதம், பின்பக்கத் தகடும் அந்தப் போட்டுக்கென்றே செய்தது. வெட்டி ஒட்டிப் பொருத்தலாம், செய்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பின்னால் பழுது வந்தால் எந்த வயர் எங்கே போகிறது என்று வேறு யாருக்கும் தெரியாது. ராமும் டி.டி.ஆர்.3, அதுவும் புதுப் போட்டுக்குப் போகாது. அதில் எஸ்.எஸ்.டி. போட்டு வீட்டில் பிள்ளைகளின் படிப்புக்கு வையுங்கள். லினக்ஸ் மின்ட் அதில் அழகாக ஓடும். புதிதாகக் கட்டுவதை வேறாகக் கட்டுங்கள்.

கேள்வி: எச்61 போட் பழுதாகிவிட்டது. ஐ5-3470உம் டி.டி.ஆர்.3 ராமும் நல்ல நிலையில் இருக்கின்றன. புதுச் சீன எச்61 போட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– விவசாயச் சங்கக் கணக்காளர், தம்பலகாமம்

பதில்: கணக்கு எழுதுவதற்கு மட்டும் என்றால் வாங்கலாம். 2012ஆம் ஆண்டுப் புரொசஸர், விண்டோஸ் 11 ஏற்காது, வங்கிக் கணக்கை அதில் திறக்காதீர்கள். கடையிலேயே உங்கள் புரொசஸரையும் ராமையும் போட்டு இரண்டு ராம் ஸ்லொட்டையும் எல்லா யூ.எஸ்.பி.யையும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கென்று புதிதாக ராமோ வேறெதுவோ வாங்கிச் சேர்க்க வேண்டாம். அந்தக் காசு அடுத்த கணினிக்கு.

கேள்வி: கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறேன். இணையத்தில் எக்ஸ்99 போட்டும் 14 கோர் சியோன் புரொசஸரும் சேர்த்து மிகக் குறைந்த விலைக்குப் போட்டிருக்கிறார்கள். 14 கோர் என்றால் ஐ3ஐவிட நல்லதுதானே?
– மாணவர், கோணேசபுரி

பதில்: எல்லா வேலைக்கும் இல்லை தம்பி. அந்தச் சியோன்கள் தரவு மையங்களிலிருந்து கழித்துவிட்ட பழைய சேவர் புரொசஸர்கள். போட்டில் இருக்கும் சிப்செட்டும் பல நேரம் பழைய போட்களிலிருந்து பெயர்த்தெடுத்ததுதான். ஒரு கோரின் வேகத்தில் ஐ3-12100 அதைத் தாண்டிவிடும், நீ எழுதுகிற நிரல்களில் பெரும்பாலானவை ஒரு கோரில்தான் ஓடும். சியோனுக்குள் கிராஃபிக்ஸ் இல்லை, கார்ட் வாங்கவேண்டும். விண்டோஸ் 11 பட்டியலிலும் அது இல்லை. 120 வாட் புரொசஸர் என்பதால் நல்ல பவர் சப்ளையும் கூலரும் வேண்டும். இவ்வளவையும் கூட்டினால் அந்தக் குறைந்த விலை குறைந்த விலையாக இருக்காது. பழுதானால் சீனாவுக்குத் திருப்பி அனுப்பப் போகிறாயா? ஒரே நேரத்தில் பல மெய்நிகர் இயந்திரங்களை (ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் வேறு கணினிகளை) ஓட்டும் ஆய்வு இருந்தால் மட்டும் 14 கோருக்கு அர்த்தம் உண்டு. அப்படியானால் முதலில் உன் விரிவுரையாளரிடம் ஆய்வுகூடக் கணினியைக் கேட்டுப் பார்.

கேள்வி: கேசிங்கைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது. போன ஒக்டோபரில் இடி இடித்த பிறகு லேன் துளை வேலை செய்யவில்லை. போட் மாற்ற வேண்டுமா?
– வாசகி, கிண்ணியா

பதில்: போட் ஓடுகிறது, லேன் துளை மட்டும்தான் போனது என்றால் மாற்ற வேண்டாம் தங்கச்சி. யூ.எஸ்.பி. லேன் அடப்டர் ஒன்று போதும். இடி மின்சார வயரால் மட்டும் வருவதில்லை, ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயராலும் வரும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் வானம் கறுத்தால் இரண்டு வயரையும் கழற்றி வையுங்கள்.

சுள்ளென்று அடிப்பதற்குக் காரணம் எர்த் இல்லாதது. பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி சிறிதளவு கசிவு மின்சாரத்தை எர்த் வயருக்கு அனுப்புகிறது. எர்த் இல்லாவிட்டால் அது கேசிங்கிலேயே நின்று, 230 வோல்ட்டின் பாதியளவு வரை காட்டும். சுவரில் மூன்று துளை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இரண்டு முள் மாற்றி போட்டிருந்தால் முதலில் அதை எறியுங்கள், பிறகு மின்வினைஞர் ஒருவரைக் கூப்பிட்டு எர்த் கம்பியைச் சோதியுங்கள். அதைச் செய்யாமல் புதுப் போட் எதுவும் அந்த வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். யூ.எஸ்.பி. செருகும்போதுகூட அந்தக் கசிவு போட்டைத் தாக்கும்.

கேள்வி: திருகோணமலையில் வாங்குவதா, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போவதா?
– வாசகர், உவர்மலை

பதில்: தெரிவு கூட வேண்டும் என்றால் யுனிட்டி பிளாசா, ஒரே கட்டடத்தில் பல கடைகள். ஒரு போட், ஒரு புரொசஸர் என்றால் இங்கேயே வாங்குங்கள். பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இங்கே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் இரவு ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் செலவழித்து மிச்சம் பிடித்ததை விட்டுவிடுவீர்கள். எங்கே வாங்கினாலும் வாரண்டி முகவருடையதா, கடையுடையதா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். போட்டின் வரிசை எண்ணும் பில்லில் இருக்கவேண்டும். பெட்டியைத் திறந்ததும் கடையிலேயே ஃபோன் வெளிச்சத்தில் சொக்கெட் பின்களைப் பாருங்கள், ஒன்று வளைந்திருந்தாலும் அங்கேயே மாற்றுங்கள். சொக்கெட்டை மூடியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியை எறியாமல் பெட்டிக்குள் போட்டு வையுங்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது அது இல்லாமல் எடுக்கமாட்டார்கள்.

கேள்வி: பி450 போட் ஒன்று செக்கண்ட் ஹேண்டில் கிடைத்தது. ரைசன் 5 5600ஜி போட்டேன், படம் வரவில்லை. போட் பழுதா?
– வாசகர், சீனக்குடா

பதில்: பழுதாக இருக்கத் தேவையில்லை. பி450 2018இல் வந்த சிப்செட், 5600ஜி 2021இல் வந்த புரொசஸர். பழைய பயோஸ் அதை அடையாளம் காணாது. உள்ளே கிராஃபிக்ஸ் உள்ள ரைசன் 2000 வரிசைப் புரொசஸர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் போட்டு, உற்பத்தியாளரின் தளத்திலிருந்து உங்கள் போட்டுக்குரிய புதிய பயோஸை பென் டிரைவில் எடுத்து ஏற்றுங்கள். போட்டின் பின்பக்கம் ஃப்ளாஷ் என்று எழுதிய சிறிய பட்டன் இருந்தால் புரொசஸரே இல்லாமலும் ஏற்றலாம். ஏற்றும்போது கரண்ட் போகக்கூடாது, யூ.பி.எஸ்.ஸில் இணைத்துச் செய்யுங்கள். புரொசஸர் இரவல் கிடைக்காவிட்டால் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், இதற்காகவே ஒரு ரைசன் 3 2200ஜி வைத்திருக்கிறேன்.